விடிகாலை நாலேகால் மணி வண்டி: சிவில் விமானப் போக்குவரத்துத் தலைமை இயக்குநருக்கு ஒரு திறந்த மடல்

ஐயா,

வணக்கம். கோவை பீளமேடு விமான நிலையத்துக்கு ஏழு வருடம் விமானிகளையும் பணிப்பெண்களையும் ஏற்றி இறக்கிய டிரைவர் நான். அவினாசி ரோட்டு ஓட்டலில் ஏற்றி, சித்ரா பஸ் ஸ்டாப் பக்கம் திரும்பி, புறப்பாட்டு வாசலில் விடுவேன். விடிகாலையில் பத்து நிமிட ஓட்டம். அதற்கு முன்னால் பதினொரு வருடம் நாமக்கல் லாரி. இப்போது சொந்தமாக இரண்டு கார் வைத்துக் கல்யாணத்துக்கும் ஊட்டிக்கும் ஓடிக்கொண்டிருக்கிறேன். விமானக் கம்பெனி ஒப்பந்தம் எதுவும் கையில் இல்லாததால்தான் இதை எழுத முடிகிறது. அப்போது எழுதியிருந்தால் என் வேலை போயிருக்கும். விமானி குடித்துவிட்டு வந்தால், வேலை போய்விடும் என்ற பயமில்லாமல் டிரைவர் அதைச் சொல்ல ஒரு வழி வேண்டும். நான் கேட்க வந்தது அதைத்தான்.

2016 ஆடி மாதம். பாலக்காட்டுக் கணவாயிலிருந்து வரும் காற்று வண்டியையே ஒரு பக்கம் தள்ளுகிற நாட்கள். ஆறு மணி விமானத்துக்கு நாலேகாலுக்கு ஓட்டல் வாசலில் நின்றேன். கேப்டன் வந்தார், பணிப்பெண்கள் வந்தார்கள், கடைசியாகத் துணை விமானி. இருபத்தெட்டு வயது இருக்கும். நம்ம பக்கத்துப் பையன்தான், ஊர் பெயர் வேண்டாம். முன்பே நாலைந்து தடவை என் வண்டியில் வந்திருக்கிறான். மற்ற எல்லோரும் பின்னால் உட்கார்ந்ததால் அவன் முன் இருக்கைக்கு வந்தான். கதவைச் சாத்தி, கண்ணாடியை ஏற்றி, ஏசி போட்டதும் எனக்குத் தெரிந்துவிட்டது. புதினா மிட்டாய் வாசனைக்கு அடியில் வேறொன்று இருந்தது. பதினொரு வருடம் லாரியில் இருந்தவனுக்கு அந்த வாசனையை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

பத்து நிமிடம் பேசாமல் ஓட்டினேன். இருமல் டானிக்காக இருக்கலாம் என்று ஒரு சிக்னலில் நினைத்தேன். நான் யார் சொல்ல, தோளில் மூன்று பட்டை போட்ட ஆளை என்று அடுத்த சிக்னலில் நினைத்தேன். பின்னால் கேப்டன் இருக்கிறாரே, அவருக்குத் தெரியாமலா போகும் என்றும் நினைத்தேன். வாசலில் இறக்கி, பெட்டியை எடுத்துக் கொடுத்து, 'ஹேப்பி லேண்டிங் சார்' என்று வழக்கம்போலச் சொன்னேன்.

உள்ளே மூச்சுச் சோதனை அவனை நிறுத்தியது. சற்று நேரம் விட்டு மறுபடியும் ஊதச் சொன்னார்கள், அதிலும் காட்டியது. ஒரு மணி நேரம் கழித்து எனக்குப் போன் வந்தது, ஒருவரைத் திரும்ப ஓட்டலில் விட வேண்டும் என்று. கழுத்தில் அடையாள அட்டை இல்லாமல் வந்து அதே முன் இருக்கையில் உட்கார்ந்தான். உள்ளே விமானம் நின்றுகொண்டிருந்தது. மாற்று ஆள் சென்னையிலிருந்து வர வேண்டும். சாம்பிள் பெட்டியோடு டெல்லி கிளம்பிய திருப்பூர் பனியன்காரர்கள் வாசலில் நின்று போனில் கத்திக்கொண்டிருந்தார்கள்.

சித்ரா தாண்டியதும் கேட்டான்: "அண்ணா, வரும்போதே உங்களுக்குத் தெரிஞ்சுதுங்களா?"

"தெரிஞ்சுது தம்பி."

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமுங்ணா. ரூமுக்கே திரும்பிப் போயிருப்பேன், ஒடம்பு சரியில்லைன்னு."

அவன் அப்படிச் சொன்னது சரியா என்பது வேறு. பழியை என்மேல் போடவில்லை, அழுதுகொண்டே சொன்னான். முந்தின நாள் சாயங்காலம் மாமா வீட்டில் கெடா விருந்து. "மாப்பிள்ளை பிளேனே ஓட்டறாரு, ரெண்டு பெக்கு தாங்காதா" என்று மச்சான்கள் ஊற்றியிருக்கிறார்கள். ஒன்பதரைக்கே நிறுத்திவிட்டேன், தூங்கி எழுந்தால் சரியாகிவிடும் என்று நினைத்தேன் என்றான்.

தூங்கினால் சரியாகும் என்பது நம் ஊரில் படித்தவரும் படிக்காதவரும் நம்புகிற கணக்கு. அது தப்பு. ஈரல் தன் வேகத்தில்தான் வேலை செய்யும். 100 மில்லி ரத்தத்தில் மணிக்குச் சுமார் 15 மில்லிகிராம் மதுவைத்தான் அது கரைக்கும். காப்பி, மோர், எலுமிச்சை, பச்சைத் தண்ணீர்க் குளியல், தூக்கம் எதுவும் அதை விரட்டாது. ஒன்பதரை மணிக்கு ரத்தத்தில் 150 இருந்தவருக்கு விடிகாலை ஐந்து மணிக்கும் 35-க்கு மேல் மிச்சம் இருக்கும். சாலையில் லாரி ஓட்டுகிறவனுக்கே மோட்டார் வாகனச் சட்டத்தின் வரம்பு 30 மில்லிகிராம். விமானிக்கு நம் நாட்டில் வரம்பு பூஜ்யம். பறப்பதற்கு முந்தைய 12 மணி நேரத்தில் ஒரு சொட்டும் கூடாது என்று விமான விதிகளின் 24-ம் விதி சொல்கிறது. அமெரிக்காவில் 8 மணி நேரமும் 40 மில்லிகிராமும்தான் எல்லை. நம் விதி அதைவிடக் கடுமையானது, அதில் எனக்குப் பெருமை உண்டு. 2023-ல் மது கலந்த மவுத்வாஷும் கூடாது என்று சேர்த்தீர்கள். நல்லது செய்தீர்கள்.

ஆனால் ஐயா, அந்த 12 மணி நேர விதி கெடா விருந்து வைத்த மாமாவுக்குத் தெரியாது. அண்டாவைச் சுற்றி உட்கார்ந்திருந்த பத்து மச்சான்களில் ஒருவருக்கும் தெரியாது. பையனுக்குத் தெரியும். ஆனால் வேண்டாம் என்று சொன்னால் 'பெரிய ஆளாயிட்டான்' என்ற பேச்சு வரும். அந்தப் பேச்சுக்கு எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் எவ்வளவு பயப்படுவார்கள் என்பது இங்கே வளர்ந்தவர்களுக்குத் தெரியும்.

இந்தச் சம்பவத்துக்குப் பிறகு எனக்குத் தூக்கம் கெட்டது. என் மகள் ஏரோநாட்டிகல் படித்தவள். அவளைப் பக்கத்தில் உட்காரவைத்து, இதைப் பற்றி என்னவெல்லாம் இருக்கிறதோ படித்துச் சொல்லச் சொன்னேன். அவள் முதலில் படித்துச் சொன்ன அறிக்கை என்னை உலுக்கிவிட்டது.

1977 ஜனவரி 13. அமெரிக்காவின் அலாஸ்காவில் ஆங்கரேஜ். மாடுகள் ஏற்றிய ஜப்பான் ஏர்லைன்ஸ் சரக்கு விமானம் ஒன்று டோக்கியோவுக்குப் புறப்பட்டது, கிளம்பிய உடனே விழுந்தது. மூன்று விமான ஊழியர்களும், மாடுகளைப் பார்த்துக்கொள்ள வந்த இரண்டு பேரும் இறந்தார்கள். கேப்டனின் ரத்தத்தில் 298 மில்லிகிராம் மது. நம் லாரி வரம்பைப் போலப் பத்து மடங்கு. இறக்கையில் படிந்த பனியும் சேர்ந்துகொண்டது. அந்தக் கேப்டனை வண்டியில் கொண்டுவந்த டாக்சி டிரைவருக்கு அவர் நடவடிக்கை சரியாகப் படவில்லை. தன் கம்பெனிக்குச் சொன்னார். கம்பெனிக்காரர் விமான நிலையத்தில் அந்த ஏர்லைன்ஸுக்கு ஒப்பந்த வேலை செய்யும் நிறுவனத்துக்குச் சொன்னார். அதோடு நின்றுபோனது. கேப்டன் குடித்திருந்தால் ஏர்லைன்ஸ் ஆட்களே கண்டுபிடித்து நிறுத்திவிடுவார்கள் என்று அங்கே இருந்தவர் நினைத்துக்கொண்டார். ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் அவகாசம் இருந்தது, ஐயா.

'பின்னால் கேப்டன் இருக்கிறாரே' என்று நான் நினைத்ததும் இதுவும் ஒன்றுதான். அந்த டாக்சி டிரைவராவது வாயைத் திறந்தார். நான் அதுவும் செய்யவில்லை.

அந்த அறிக்கையில் இன்னொரு வரி உண்டு. விமானி அறையில் இருந்த மற்றவர்கள் கேப்டனைத் தடுக்கத் தவறியதும் விபத்துக்குக் காரணம் என்று அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் எழுதியிருக்கிறது. மகள் அதைப் படித்தபோது எனக்கு லாரியில் இருந்த கிளீனர் பையன்கள் ஞாபகத்துக்கு வந்தார்கள். டிரைவர் தாபாவில் என்ன குடித்தார் என்று கிளீனருக்குத்தான் முதலில் தெரியும். ஆனால் கிளீனர் வாய் திறக்கமாட்டான். அடி விழும், சோறு போகும், அடுத்த டிரிப்புக்கு வேறு பையன் வருவான். என்னுடைய முதல் முதலாளி அதற்கென்றே ஒரு வழி வைத்திருந்தார். சாவியைக் கையில் வைத்துக்கொண்டு வீட்டு நலம், பிள்ளைகள் படிப்பு என்று கிட்டத்தில் நின்று ஐந்து நிமிடம் பேச்சுக் கொடுப்பார். மூச்சுக்காற்று சரியில்லை என்றால் சாவி பாக்கெட்டுக்குப் போய்விடும். "போய்ப் படு, நாளைக்குப் பாக்கலாம்" என்பார். அன்றைக்குப் படி உண்டு, சம்பளம் பிடிக்கமாட்டார். மறுபடியும் அதே செய்தால்தான் கணக்கு முடிப்பார். எங்கள் வண்டிகள் வருடக்கணக்கில் பெரிய விபத்து இல்லாமல் ஓடின.

நாற்பத்தொரு வருடம் கழித்து, 2018 அக்டோபர் 28. அதே ஜப்பான் ஏர்லைன்ஸ், இந்தத் தடவை லண்டன் ஹீத்ரோ. டோக்கியோ போக வேண்டிய துணை விமானி ஊழியர்கள் வண்டியில் ஏறினார். வண்டி டிரைவருக்கு வாசனை வந்தது. சொன்னார். போலீஸ் வந்து சோதித்ததில் 189 மில்லிகிராம், பிரிட்டனில் விமானிக்கான வரம்பு 20. விமானக் கம்பெனியே வைத்திருந்த மூச்சுச் சோதனையை அவர் அதற்கு முன்பே தாண்டி வந்திருந்தார் என்பதைக் கவனியுங்கள். கூட இருந்த மற்ற விமானிகளும் தடுக்கவில்லை. தடுத்தது வண்டி டிரைவர்தான். அந்தத் துணை விமானிக்குப் பத்து மாதச் சிறை. அடுத்த வருடம் ஜப்பான் அரசு மூச்சுச் சோதனையைச் சட்டப்படி கட்டாயமாக்கியது. அந்த டிரைவர் யாரென்று எனக்குத் தெரியாது. பார்த்தால் கையெடுத்துக் கும்பிடுவேன்.

நம்மிடம் இயந்திரம் இருக்கிறது, கேமரா முன்னால் ஊதுகிறார்கள், அப்புறம் டிரைவர் எதற்கு என்று உங்கள் அலுவலகத்தில் கேட்கலாம். இயந்திரத்தை நான் குறை சொல்லவில்லை. அன்றைக்கு என் கோழைத்தனத்தை ஈடுகட்டியது அதுதான். ஆனால் இயந்திரம் மூச்சில் மது இருக்கிறதா என்று மட்டும்தான் சொல்லும். அந்த ஆள் ஓட்டத் தகுந்த நிலையில் இருக்கிறாரா என்று சொல்லாது.

1986-ல் அமெரிக்கக் கடற்படை விமானிகள் பத்துப் பேரை வைத்து ஓர் ஆய்வு வெளியானது. ரத்தத்தில் 100 மில்லிகிராம் வரும்வரை குடிக்கவைத்து, 14 மணி நேரம் கழித்துச் சிமுலேட்டரில் ஓட்டவிட்டார்கள். அந்த நேரத்துக்கு மது கரைந்து போயிருக்கும். ஆனாலும் குடிக்காத நாளில் ஓட்டியதைவிட மோசமாக ஓட்டினார்கள். நம் விதி 12 மணி நேரம். பதிமூன்றாவது மணியில் ஊதினால் பூஜ்யம் காட்டும், கையும் மூளையும் பூஜ்யத்துக்கு வந்திருக்காது.

காதைப் பற்றியும் சொல்ல வேண்டும். உள்காதில் மூன்று வளையக் குழாய்கள் இருக்கின்றன. அவற்றுக்குள் ஒரு திரவம், அந்தத் திரவத்தில் ஒரு சின்ன மெத்தை மாதிரியான திசு. தலை திரும்பினால் திரவம் அந்த மெத்தையைச் சாய்க்கும், நாம் திரும்புகிறோம் என்று மூளைக்குத் தெரியும். குடித்தால் மது திரவத்துக்குள் போவதற்கு முன்னால் மெத்தைக்குள் போகிறது. மெத்தை லேசாகி மிதக்கிறது. அதனால்தான் குடித்தவர் படுத்தால் கட்டில் தேர்த்திருவிழா ராட்டினம் மாதிரி சுற்றுகிறது. போதை இறங்கும்போதும் மது மெத்தையிலிருந்து முதலில் போய்விடும், திரவத்தில் தங்கும். அப்போது மெத்தை கனமாகி, ராட்டினம் எதிர்ப்பக்கம் சுற்றும். ரத்தத்தில் மது தீர்ந்த பிறகும் சில மணி நேரம் இது இருக்கும். தரையில் நிற்பவர் சமாளித்துவிடுவார். மேகத்துக்குள் போன விமானிக்கு வானமும் தெரியாது, பூமியும் தெரியாது. காது இடப்பக்கம் சாய்கிறோம் என்கிறது, கருவி நேராக இருக்கிறோம் என்கிறது. எதை நம்புவது என்று முடிவெடுக்கச் சில நொடிதான் கிடைக்கும்.

2008 செப்டம்பர் 14-ம் தேதி ரஷ்யாவின் பெர்ம் நகரில் இறங்கப் போன போயிங் 737 அப்படி விழுந்துதான் 88 பேரும் இறந்தார்கள். இரவு, மேகம். விமானிகளுக்கு விமானம் எந்தப் பக்கம் சாய்கிறது என்ற நிதானம் போய்விட்டது. பயிற்சிக் குறையும் களைப்பும் இருந்தன என்று விசாரணை சொன்னது. கேப்டனின் உடலில் மதுவும் இருந்தது.

உயரமும் சேர்ந்துகொள்ளும். விமானம் முப்பத்தைந்தாயிரம் அடியில் பறந்தாலும் உள்ளே காற்றழுத்தம் ஏழெட்டாயிரம் அடி மலையில் இருப்பது மாதிரிதான். அதாவது ஊட்டி. ஊட்டிக்கு வண்டி ஓட்டுகிற எங்களுக்குத் தெரியும், கீழே மேட்டுப்பாளையத்தில் குடித்துவிட்டு மேலே வருகிற ஆட்களின் கதி. அங்கே ஆக்சிஜன் குறைவு, மது அந்த ஆக்சிஜனையும் உடம்பு சரியாகப் பயன்படுத்தவிடாது. லாரியில் தலை சுற்றினால் ஓரங்கட்டி இறங்கிக் குழாயடியில் முகம் கழுவலாம். மேலே ஓரம் ஏது?

இனி அந்தப் பையன். முதல் தடவை என்பதால் மூன்று மாதம் உரிமம் நிறுத்தினார்கள். விதி அதுதான். இரண்டாவது தடவை மூன்று வருடம், மூன்றாவது தடவை ரத்து. தண்டனை வேண்டாம் என்று நான் சொல்லவரவில்லை. இருநூறு உயிர் பின்னால் உட்கார்ந்திருக்கும்போது இரக்கத்துக்கு இடம் கிடையாது. ஆனால் அந்த மூன்று மாதம் அவன் எங்கே இருந்தான் என்று யாரும் கேட்கவில்லை. ஊரில் இருந்தான். அவனைப் பைலட் ஆக்க அப்பா தோட்டத்தில் ஒரு பாகத்தை விற்றிருந்தார். 'எப்பங்க தம்பி டூட்டிக்கு?' என்று கேட்பவர்களுக்குப் பதில் சொல்ல முடியாமல் ராத்திரியானால் தனியாகக் குடித்திருக்கிறான். விருந்தில் மட்டும் குடித்தவன் அந்த மூன்று மாதத்தில்தான் குடிகாரன் ஆனான். இதை அவனே என்னிடம் சொன்னான். திரும்பப் போனான், ஒன்றரை வருடத்தில் தானாகவே வேலையை விட்டான். இப்போது மிச்சம் இருக்கும் தென்னந்தோப்பைப் பார்த்துக்கொண்டிருக்கிறான். போன பொங்கலுக்குப் பார்த்தேன். தலைக்கு மேல் விமானம் போனால் நிமிர்ந்து பார்ப்பதில்லை.

இதே நிலையிலிருந்து மேலே வந்த ஓர் ஆளையும் மகள் படித்துச் சொன்னாள். லைல் பிரவுஸ் என்ற அமெரிக்கக் கேப்டன். 1990 மார்ச் 8-ம் தேதி நார்த்வெஸ்ட் ஏர்லைன்ஸ் விமானத்தை ஃபார்கோவிலிருந்து மினியாபொலிஸுக்கு ஓட்டிப்போய் இறங்கியதும், விமானி அறையில் இருந்த மூன்று பேரையும் கைது செய்தார்கள். முந்தின ராத்திரி மூவரும் குடித்திருந்தார்கள். பிரவுஸ் சிறைக்குப் போனார், உரிமத்தை இழந்தார். சிகிச்சை எடுத்துக் குடியை விட்டார். எல்லா உரிமத்தையும் முதலிலிருந்து பரீட்சை எழுதி வாங்கினார். அதே கம்பெனி அவரைத் திரும்ப எடுத்தது, போயிங் 747 கேப்டனாக ஓய்வு பெற்றார். அங்கே 1970-களிலிருந்து ஹிம்ஸ் என்று ஒரு திட்டம் இருக்கிறது. குடிக்கு அடிமையான விமானியைச் சக விமானிகளும் மருத்துவர்களும் கம்பெனியும் சேர்ந்து சிகிச்சைக்கு அனுப்பி, பிறகு வருடக்கணக்கில் கண்காணித்து, தேறினால் மட்டும் பறக்கவிடுவார்கள்.

அங்கே வழி திறந்திருப்பதால் கூட இருக்கிற விமானி, இவனுக்கு உதவி வேண்டும் என்று சொல்லத் துணிகிறான். சொன்னால் ஒருவன் குடும்பமே நடுத்தெருவுக்கு வரும் என்றால் யாரும் சொல்லமாட்டார்கள். என் பின் இருக்கையில் இருந்த கேப்டனும் அன்றைக்குப் பேசவில்லை. அவருக்கு வாசனை வந்ததா இல்லையா என்று நான் தீர்ப்புச் சொல்லமாட்டேன்.

ஐயா, எனக்குத் தெரிந்த அளவில் கேட்கிறேன்.

விமான ஊழியர்களை ஏற்றும் ஒவ்வொரு வண்டியிலும், அவர்கள் தங்கும் ஒவ்வொரு ஓட்டல் வரவேற்பிலும் ஒரு போன் எண் இருக்கட்டும். அது விமானக் கம்பெனியின் எண்ணாக இருக்கக் கூடாது, உங்கள் அலுவலகத்தின் எண்ணாக இருக்க வேண்டும். தமிழில் பேசினால் தமிழில் எடுக்க வேண்டும், நாலேகால் மணிக்கும் எடுக்க வேண்டும். 'எனக்குச் சந்தேகம்' என்று டிரைவர் சொன்னால் போதும், நிரூபிக்கும் வேலை இயந்திரத்துடையது. சொன்னவர் பெயர் வெளியே வரக் கூடாது. சந்தேகம் பொய்யாகப் போனாலும் அவர் வண்டியின் ஒப்பந்தத்தை யாரும் தொடக் கூடாது. இதை விதியாகவே எழுதிவிடுங்கள், வாய்ச்சொல்லாக இருந்தால் டிராவல்ஸ் முதலாளிகள் பயப்படுவார்கள். நான் வேலை பார்த்த முதலாளி நல்ல மனிதர்தான், ஆனால் எங்களுக்கு அவர் சொல்லித்தந்த முதல் பாடமே, 'வண்டியில் கேட்டது, பார்த்தது வண்டியோடு போகட்டும்' என்பதுதான்.

அடுத்தது, ஓட்டல் அறையிலிருந்தே ஒரு விமானி 'இன்று என்னால் ஓட்ட முடியாது' என்று காரணத்தோடு உண்மையைச் சொன்னால், அதை ஊதிப் பிடிபட்டதற்குச் சமமாக வைக்காதீர்கள். என் பழைய லாரி முதலாளி செய்ததுதான் இது. முதல் தடவை படுக்கச் சொல்லுங்கள், கூடவே மருத்துவரிடம் அனுப்புங்கள். உரிமம் நிறுத்தப்படும் மூன்று மாதத்தையும் சும்மா வீட்டில் உட்காரும் காலமாக விடாமல் சிகிச்சைக் காலமாக ஆக்குங்கள். சக விமானி ஆதரவு என்ற பேச்சை உங்கள் துறையே தொடங்கியிருக்கிறது. அதில் குடிப்பழக்கப் பிரச்சினைக்கும் இடம் கொடுங்கள்.

எங்கள் பக்கத்துப் பெற்றோருக்கும் இந்த மடல் வழியாகவே ஒன்று சொல்லிக்கொள்கிறேன். பிள்ளை விமானி என்றால் ஊருக்கு வந்ததும் முதலில் 'அடுத்த டூட்டி எப்பங்க கண்ணு?' என்று கேளுங்கள். நாளைக்கு என்றால் விருந்தில் கறி மட்டும் போடுங்கள். 12 மணி நேரம் சட்டத்தின் கணக்கு. முழுசாக ஒரு நாள் விடுவது நல்லது என்று அமெரிக்க விமானத் துறையே விமானிகளுக்குச் சொல்கிறது. மச்சான்கள் கேலி செய்தால் அப்பாவோ மாமாவோ குறுக்கே வந்து நிற்க வேண்டும். அந்தப் பையனுக்கு அன்று யாரும் குறுக்கே நிற்கவில்லை.

பீளமேட்டில் இப்போது விமான ஊழியர்களுக்கு வண்டி ஓட்டும் பையன்களில் எட்டுப் பேர் எனக்குப் பழக்கம். இந்த மடலை எழுதும் முன் அவர்களிடம் கேட்டேன், வாசனை வந்தால் என்ன செய்வீர்கள் என்று. ஏழு பேர் பேசாமல் இருந்தார்கள். ஒருவன் மட்டும், "யார்கிட்டங்ணா சொல்றது?" என்றான். அந்த எண்ணை அனுப்புங்கள். முன் இருக்கைக்கு எதிரே, விமானி உட்கார்ந்ததும் கண்ணில் படுகிற இடத்தில் நாங்களே ஒட்டிக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
சின்னியம்பாளையத்திலிருந்து ஒரு வண்டி ஓட்டுநர்